நூறு சைக்கிள் காட்டுங்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில், விடிந்தும் விடியாததுமாக, திருச்சிப் பக்கமிருந்து எங்கள் ஊர்க் கண்மாய்க்கரைக்குச் சைக்கிள்காரர்கள் வருகிறார்கள். தலையில் காற்றுப்போக ஓட்டைவிட்ட ஹெல்மெட், உடம்போடு ஒட்டிய பளபளச் சட்டை, விரல்நுனி வெட்டிய கையுறை, ஹேண்டில்பாரில் வழி சொல்லும் செல்போன் என்று வந்து இறங்குகிறவர்கள், டீக்கடையில் சர்க்கரை இல்லாத டீயைக் கேட்டு வாங்கிக்கொண்டு, "அண்ணே, இந்தக் கரை எதுவரைக்கும் போகுது? தார் கீர் போட்டுட்டாங்களா?" என்று விசாரிக்கிறார்கள். இன்னும் இல்லை, செம்மண்தான், நடுவில் மழைக்கு அரித்தும் கிடக்கிறது என்று சொன்னால் அந்த முகங்களில் அப்படியொரு மலர்ச்சி. தார் போடவில்லை என்று கேட்டுச் சந்தோஷப்படுகிற மனிதர்களை என் வாழ்நாளில் இப்போதுதான் பார்க்கிறேன். புதுக்கோட்டைச் சீமையில், தார்ச்சாலை கேட்டு மனு எழுதி எழுதியே கையெழுத்துத் திருந்திய தலைமுறை எங்களுடையது.

எங்களுக்குச் சைக்கிள் வந்த வழியே வேறு. சொந்தமாக வாங்கியவர்கள் குறைவு, வாடகைக்கு எடுத்தவர்களே அதிகம். உங்கள் ஊரிலும் ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்திருக்கும்: கீற்றுக் கொட்டகை, வாசலில் வரிசையாக நிறுத்திய வண்டிகள், பின் மட்கார்டில் மஞ்சள் பெயின்டில் எழுதிய எண், எப்போதும் கடைக்காரருக்குச் சாதகமாகவே ஓடுகிற ஒரு சுவர்க்கடிகாரம், ஆணியில் சணல் கட்டித் தொங்கும் கணக்கு நோட்டு. மணிக்கு நாலணா. "யாரு மகன்டா நீ?" என்பது மட்டும்தான் அங்கே கேட்கிற ஜாமீன். வீட்டில் அம்மா முதல் ஆடு வரை யாரும் பெரிதாக மதிக்காத என் அப்பாவின் பெயருக்கு வெளியே ஒரு மதிப்பு இருக்கிறது என்பது எனக்குத் தெரியவந்தது அந்தக் கொட்டகையில்தான். கடையில் இருக்கும் ஒன்றிரண்டு சின்ன வண்டிகளை நமக்கு முன்னால் யாராவது எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். ஆகவே பெரிய வண்டியில், பாருக்கு அடியில் வலது காலை நுழைத்து, இடுப்பைக் கோணி, அரை அரைப் பெடலாக மிதித்துக் குரங்குப் பெடல். முட்டியெல்லாம் செயின் மையும் சிராய்ப்புமாக, கடிகாரத்தைப் பற்றிய பயத்தோடு திரும்பி வந்து வண்டியை விட்டபிறகும் கொஞ்ச நேரம் பூமி நம்மைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

அன்றைய சாலையைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு பஸ் போகிற அகலத்துக்குத் தார், இரண்டு ஓரமும் சரளை, அதற்கப்பால் எண் எழுதி, இடுப்பில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை கட்டிய புளியமரங்கள். பஸ் வந்தால் நாம் சரளையில் இறங்குவோம். எதிரே இன்னொரு பஸ் வந்தால் அதுவும் இறங்கும். லாரிக்காரர் மாட்டுவண்டிக்காக இறங்குவார். வண்டிக்காரர் மட்டும் எதற்கும் இறங்காமல் தூங்கிக்கொண்டே போவார், மாடுகளுக்கு வீடு தெரியும் என்பதால். வெயிலில் மிதித்து வருகிறவனுக்கு நிழல் விட்டு நிழல் ஒரு கணக்கு உண்டு, இந்த மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே வேகமாக மிதிப்பது, நிழலில் காலை எடுத்துவிட்டு உருளவிடுவது. நடுவில் ஒரு நுங்குக்காரர், சித்திரை மாதமென்றால் ஒரு தண்ணீர்ப்பந்தல், கை எட்டுகிற கிளையில் உப்பில்லாமலே தின்னக்கூடிய புளியம்பிஞ்சு. இருட்டிவிட்டால் டைனமோவைத் தட்டிவிடுவோம். அது டயரை உரசி உறுமிக்கொண்டு, மிதிக்கிற வேகத்துக்குத் தகுந்த வெளிச்சம் தரும், வெளிச்சம் அவசியமாகிற மேட்டில் மட்டும் சரியாக மங்கிவிடும். டைனமோ இல்லையென்றால் போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார், டபுள்ஸ் போனால் திட்டு, சில ஊர்களில் சைக்கிளுக்கு வரி கட்டி ஒரு தகர வில்லை வாங்கி மாட்டியிருக்க வேண்டும். அப்போது இதெல்லாம் பெரிய கொடுமையாகத் தெரிந்தது. இப்போது நினைத்தால், அரசாங்கம் சைக்கிளை ஒரு வாகனமாக மதித்த கடைசிக் காலம் அதுதான் என்று படுகிறது. இன்றைக்குச் சுங்கச்சாவடியில் சைக்கிளுக்குக் கட்டணம் கிடையாது, இடமும் கிடையாது.

1991-ல் எங்கள் மாவட்டத்துக்கு, எழுத்தறிவு புகட்டும் அறிவொளி இயக்கம் வந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. பட்டம் இருந்தது, வேலை இல்லை, உலகத்தைத் தலைகீழாகப் புரட்டிவிடலாம் என்ற எண்ணம் மட்டும் ஏராளமாக இருந்தது. வேலை இல்லாததற்கும் அந்த எண்ணத்துக்கும் உள்ள உறவு அப்போது விளங்கவில்லை. எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய தலையும், செயினில் மாட்டாமலிருக்கப் பேன்ட்டின் காலில் கிளிப்பும், தோளில் ஜோல்னாப் பையுமாக, குறிப்பிட்ட ஒரு வீட்டைக் கடக்கும்போது மட்டும் ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு ஓட்டுகிற அந்த இளைஞனை இன்று வழியில் பார்த்தால் நானே ஒதுங்கித்தான் போவேன்.

அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி இயக்கத்தை முடுக்கிவிட்டார். எழுத்துக்கு வராதவர்களும் சைக்கிளுக்கு வந்தார்கள். எங்கள் ஊரில் பயிற்சிக்கூடம், அறுப்பு முடிந்த களத்துமேடு. கல்குவாரியில் கல் உடைக்கிற மேலத்தெரு அத்தாச்சி, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, நேராக வந்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன், ஒரு விடுதலைப் போரை முன்னின்று நடத்துகிற முகபாவத்தோடு. இரண்டு சுற்று முடிந்ததும் அத்தாச்சி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "தம்பி, நீங்க பிடிக்கிறதுதான் வண்டிய ஆட்டுது. விட்டுட்டு அங்கிட்டுப் போய் உக்காருங்க." உட்கார்ந்தேன். அவர் மூன்றாவது சுற்றில் களத்தை விட்டே வெளியேறி, வண்டிப்பாதை வழியாகக் கண்மாய்க்கரையில் ஏறிவிட்டார்.

லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாமே என்று அதைத்தான் வேண்டுமென்று கேட்டவர்களும் உண்டு. தண்ணீர்க் குடம், காய்கறி மூட்டை, பிள்ளை எல்லாம் ஒரே வண்டியில் ஏறின. திண்ணைகளில் கேலிக்குக் குறைவில்லை, அதில் பாதியை இங்கே எழுத முடியாது. 1992 மகளிர் தினத்தை ஒட்டி மாவட்டத்தில் 70,000 பெண்களுக்கு மேல் சைக்கிளோடு திரண்டு ஓட்டிக் காட்டினார்கள். பிறகு இங்கே வந்து பார்த்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், சைக்கிள் கற்றுக்கொண்ட கிராமப் பெண்கள் ஒரு லட்சத்துக்கு மேல் என்று பதிவு செய்திருக்கிறார், பத்து வயதுக்குக் குறைந்த சிறுமிகளைக் கழித்துப் பார்த்தால் மாவட்டத்துக் கிராமப் பெண்களில் நாலில் ஒரு பங்குக்கும் அதிகம். சைக்கிள் ஓட்டிச் சாதித்ததைப் பாராட்டி யுனிசெஃப் நிறுவனம் அறிவொளிப் பெண் தொண்டர்களுக்கு என்ன ஒதுக்கியது தெரியுமா? ஐம்பது மொபெட். முன்னேற்றம் எந்தத் திசையில் போகப்போகிறது என்று அன்றே கோடி காட்டிவிட்டார்கள். நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

அந்த இரண்டு வருடமும் பெண்கள் சைக்கிள் ஓட்டலாமா கூடாதா என்று ஊர் ஊராக வாதாடினோம், நாடகம் போட்டோம், தெருமுனையில் பாட்டுப் பாடினோம். எங்கே ஓட்டுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருந்தது? சாலைதான் இருந்ததே.

2000-களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசின் விலையில்லாச் சைக்கிள் வந்தது. பதினொன்றாம் வகுப்பில் காலெடுத்து வைத்தால் சைக்கிள். நாலணாவுக்கும் ‘யாரு மகன்டா’வுக்கும் அவசியமே இல்லாத ஒரு தலைமுறை ரெட்டைச் சடையோடும் புத்தகப் பையோடும் வரிசையாகப் போவதைப் பார்க்க, எங்களைப் போன்ற பழைய அறிவொளித் தொண்டர்கள் வேலை மெனக்கெட்டு ரோட்டோரம் நிற்போம். எல்லா வண்டியும் ஒரே நிறம், ஒரே அச்சு. எது தன்னுடையது என்று தெரிய ஒவ்வொருத்தியும் ஹேண்டில்பாரில் ஒரு ரிப்பனோ, கோயில் கயிறோ, பழைய வளையலோ கட்டியிருப்பாள். வாடகைக் கடைக்காரருடைய மஞ்சள் எண்ணுக்கு இது எவ்வளவோ தேவலை.

சைக்கிள் வந்து சேர்ந்த சில வருடங்களில் நாற்கரச் சாலையும் வந்தது. புளியமரங்களுக்கு மறுபடி எண் போட்டார்கள். இந்த முறை ஏலத்தில் எடுத்தவர் பழம் உலுக்க வரவில்லை, ரம்பத்தோடு வந்தார். நான் சாலையைக் குறை சொல்ல மாட்டேன். என் தங்கையைப் பிரசவத்துக்குத் திருச்சிக்குக் கொண்டுபோன இரவில், பழைய சாலையில் போயிருந்தால் வழியிலேயே ஆகியிருக்கும். ஆனால் ஊர் ஒரு பக்கம், பள்ளிக்கூடம் மறு பக்கம். நடுவே அரளிச்செடி வைத்த சென்டர் மீடியன். மறுபக்கம் போக வேண்டுமானால் சட்டப்படி நெடுந்தூரம் போய்த் திரும்பி வரவேண்டும், அல்லது ராங் சைடில் வர வேண்டும். பிள்ளைகள் மூன்றாவது வழி கண்டுபிடித்தார்கள். அரளிச்செடிகளுக்கு நடுவே ஓர் இடைவெளி. ஒருத்தி முன்சக்கரத்தைத் தூக்கி மீடியன் மேல் வைப்பாள், இன்னொருத்தி பின்னாலிருந்து கேரியரைத் தூக்கிக் கொடுப்பாள், மேலே நிற்பவள் இரண்டு பக்கமும் பார்த்து "ம்" என்பாள், அந்த ‘ம்’முக்கும் அடுத்த லாரியின் ஹாரனுக்கும் நடுவில் மூன்று சைக்கிள் கடந்துவிடும். ஒரு ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருவனை வேன் ஒன்று தட்டிவிட்டு நிற்காமல் போயிற்று. பிழைத்துக்கொண்டான். நடையில் இன்றும் ஒரு சாய்வு இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் கூட்டம் சேர்ந்தோம்: நான், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், பஞ்சர் கடைக்காரர், அந்தப் பையனின் அப்பா, மேலத்தெரு அத்தாச்சி. கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. திடீரென்று ஓரிடத்தில் மறைந்துபோகிற சர்வீஸ் ரோட்டைக் கொஞ்சம் நீட்டுங்கள், ஓரத்தில் சைக்கிளுக்கு ஒரு தடம் கொடுங்கள், மழைத்தண்ணீர் போகச் சாலைக்கு அடியில் கட்டிய பாலத்தில் கோடைக்காலத்தில் பிள்ளைகள் குனிந்து போகிறார்களே, அதை நிமிர்ந்து போகிற மாதிரி ஆக்கிக்கொடுங்கள். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் காட்டியது, அது மூன்றாவதைக் காட்டியது, மூன்றாவது முதலாவதையே காட்டியது. நாலாவதாகப் போன இடத்தில் இளம் பொறியாளர் ஒருவர் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பழைய கையேடு ஒன்றின் நகலையும் எடுத்துக் காட்டினார். சைக்கிள் தடத்துக்கென்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1962-லேயே வகுத்த விதி. நெரிசலான ஒரு மணி நேரத்தில் மோட்டார் வண்டிகள் 100 முதல் 200 வரை போகிற சாலையில் 400 சைக்கிள் போனால் தனித் தடம் போடலாம். மோட்டார் வண்டி 200-க்கு மேல் போனால் 100 சைக்கிள் இருந்தாலே போதும். நான் பிறப்பதற்கு முன்பே எனக்காக யோசித்துவைத்திருக்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோனேன். "நூறு சைக்கிள் காட்டுங்க சார், நான் மேல எழுதுறேன்" என்றார் அந்தப் பிள்ளை.

நூறா! எழுபதாயிரம் பார்த்த மாவட்டம் ஐயா இது. தபால்காரர் காலை எட்டு மணிக்கு ஊர் முகப்பில் நாற்காலி போட்டு, ஐந்து ஐந்தாகக் கோடு கிழிக்க ஆரம்பித்தார். ஒன்பது மணிக்கு எழுபதைக்கூடத் தொடவில்லை. விலையில்லாச் சைக்கிள்களில் பல வீட்டுச் சாய்ப்பில் கோழி அடையும் இடமாக இருந்தன. பிள்ளைகள் வேனிலும் ஷேர் ஆட்டோவிலும் பிதுங்கிக்கொண்டு போனார்கள். களத்துமேட்டில் என் கையை விடச் சொன்ன அதே அத்தாச்சியிடம், பேத்தியை ஏன் சைக்கிளில் அனுப்பவில்லை என்று கேட்டேன். "அந்த ரோட்டுலயா? ஏன் தம்பி, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றார். தடம் இல்லாததால் சைக்கிள் இல்லை, சைக்கிள் இல்லாததால் தடம் இல்லை. பொறியாளர் மாற்றலாகிப் போனார்.

சாலையோடு மல்லுக்கட்டியது போதும், கண்மாய்க்கரை வழியாகவே பள்ளிக்கூடத்துக்குப் பாதை எடுத்தால் என்ன என்று யோசனை சொன்னது அந்த ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள்காரர்கள்தான். அவர்கள் போன தடமெல்லாம் செல்போனில் சிவப்புக் கோடாக விழுந்திருந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் இருந்த கிராம வரைபடத்தில் அதே தடம், ‘வண்டிப்பாதை’ என்று அழகாக. செல்போனிலும் இருக்கிறது, காகிதத்திலும் இருக்கிறது, தரையில் மட்டும் சில இடங்களில் சீமைக்கருவேலமும் ஓரிடத்தில் ஒருவருடைய தென்னங்கன்றுகளும் நின்றன. தென்னங்கன்றுக்காரர் எனக்கு மாமா முறை. "பாதைங்கிறது மேப்புல இருக்கும் மாப்ளே. பூமியில இருக்கணும்னு ஏதாவது சட்டம் இருக்கா?" என்றார். பிறகு அவருக்கே சுகர் வந்து, காலையில் நடக்கச் சொல்லி டாக்டர் கட்டளையிட, நடக்க ஊரில் வேறு இடமில்லாமல், கன்றுகளை ஒரு முழம் உள்ளே தள்ளி நட்டார். எங்கள் மனுக்கள் சாதிக்காததைச் சர்க்கரை சாதித்தது.

ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்தில் விஷயம் வந்தது. முள் வெட்ட நூறு நாள் வேலை ஆட்கள், மேலே சரளை, பாதை எல்லோருக்கும் பொது: நடக்கிறவர்கள், சைக்கிள், ஆடு மாடு. இதுவரை ஒரே குரல். தார் வேண்டுமா என்றதும் இரண்டு குரல். நகரத்துச் சைக்கிள்காரர்கள் ஓரமாக நின்றபடி, "தார் வேணாங்க, இயற்கையா இருக்கட்டும்" என்றார்கள். "மழையில செம்மண்ணு சக்கரத்துல அப்பி வண்டிய தோள்ல தூக்கிட்டு வர்றது உங்க அக்கா தங்கச்சியா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். குடிமராமத்தில் கரையை உயர்த்தியபோது கொட்டிய மண் இறுகாமல் இரண்டு வருடம் டயர் புதைந்ததை எல்லோரும் நினைவுபடுத்திக்கொண்டார்கள். சரளையோடு ராசியானது.

அடுத்தது பைக். இரண்டு முனையிலும் கல்தூண் நட்டுவிட்டால் பைக் வராது என்றேன் நான். அப்படியானால் இடைவெளி எவ்வளவு? கன்றோடு வருகிற பசு போக வேண்டும், புல்லுக்கட்டு வைத்த சைக்கிள் போக வேண்டும், பைக் மட்டும் போகக் கூடாது. பஞ்சர் கடைக்காரர் வெளியே போய் முழக்கயிற்றால் அளந்து வந்து, பைக் ஹேண்டிலைவிடப் புல்லுக்கட்டுதான் அகலம் என்று அறிவித்தார். கணக்கு அங்கேயே கவிழ்ந்தது. அந்தக் குழப்பத்தில் அத்தாச்சி எழுந்து, "எக்ஸ்.எல். பைக்குல சேத்தியா, சைக்கிள்ல சேத்தியா?" என்றார். அவர் சைக்கிளை விட்டு வருடங்கள் ஆகின்றன. குவாரி வேலையில் தேய்ந்த முட்டியோடு மிதிக்க முடியாமல் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வாங்கிவிட்டார். "மோட்டார் இருந்தா பைக்குத்தான் அத்தாச்சி" என்றேன். "டி.வி.எஸ். ஃபிப்டி வந்தப்ப அதுல பெடல் இருந்துச்சா இல்லையா? அந்த சாதிதானே இதும்?" கூட்டத்தில் பாதிப்பேர் எக்ஸ்.எல். வைத்திருந்தார்கள். பெடல் இருந்தது என்று ஆளாளுக்குச் சாட்சி சொன்னார்கள். தீர்மானப் புத்தகத்தை மடியில் வைத்திருந்த ஊராட்சிச் செயலர், எக்ஸ்.எல். என்று எழுதவா வேண்டாமா என்று மூன்று முறை கேட்டுவிட்டு, அந்த இடத்தைக் காலியாக விட்டு, அக்டோபர் 2 கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்.

கூட்டத்துக்கு வராத கொத்தனார் ஒருவர் அதற்குள் கல்தூண்களைத் தன் காலடியால் அளந்து நட்டுவிட்டார். இப்போதைக்கு எக்ஸ்.எல். தாராளமாகப் போய்வருகிறது, புல்லட்கூட ஒருக்களித்துப் போகிறது. புல்லுக்கட்டு சைக்கிள்தான் மாட்டிக்கொள்கிறது.